ஹாலோவீன்: வீட்டில் இரண்டு வாண்டுகள், ஒரு மாமியார்

நோவி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் நோவியில் இருக்கிறோம். போன டிசம்பரில்தான் சென்னையிலிருந்து வந்தோம், அதனால் எங்களுக்கு இதுதான் முதல் இலையுதிர் காலம். பெரியவளுக்கு ஐந்து வயது, கிண்டர்கார்டன் போகிறாள். சின்னவனுக்கு இரண்டரை.

அக்டோபர் 31 ஹாலோவீனாம், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற நாள். தெருவில் பாதி வீட்டு வாசலில் எலும்புக்கூடு நிற்கிறது. எதிர்வீட்டில் யாராவது கடந்து போனால் கண் சிவந்து கத்துகிற சூனியக்காரி பொம்மை வேறு. அதைப் பார்த்ததிலிருந்து சின்னவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். பெரியவளோ, "நம்ம வீட்ல எப்போ பம்ப்கின் வாங்குவோம்?" என்று தினமும் நச்சரிக்கிறாள்.

இதற்கு நடுவில் மாமியார் வந்திருக்கிறார். "விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல மண்டை ஓட்டை மாட்டுவாங்களா?" என்பது அவர் கேள்வி. அவரைச் சங்கடப்படுத்தவும் மனசில்லை, பெரியவளை ஏமாற்றவும் மனசில்லை. பயமுறுத்தாமல், வீட்டோடு, ரொம்பச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? நாங்கள் சைவம். சின்னவனுக்கு வேர்க்கடலை அலர்ஜி உண்டு.

டெக்சாஸ்_மாமா:

நாங்கள் கொண்டாடுவதில்லை. கொலு, தீபாவளி, அதற்கே நேரம் பத்தவில்லை. அன்று சாயங்காலம் வாசல் விளக்கை அணைத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் பெல் அடிக்க மாட்டார்கள், இங்கே அதுதான் வழக்கம். விருப்பமில்லை என்றால் இவ்வளவு குழம்ப வேண்டாம்.

ரெண்டு_வாலு:

மாமா சொல்வது சரிதான், ஆனால் ஐந்து வயதுப் பெண் வீட்டில் இருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்! நான் உங்கள் பக்கத்தில்தான், கேன்டனில். எனக்கும் இரண்டு வாலுகள்.

முதலில் பூசணி, ஏனென்றால் பாதிக் கொண்டாட்டம் அதிலேயே முடிந்துவிடும். இரண்டு வாங்குங்கள். ஒன்று முகம் செதுக்க, பெரியது. இன்னொன்று பை பம்ப்கின் என்று விற்கும் சின்னது, சமையலுக்கு. பெரியதில் சதை நார் நாராக, தண்ணீராக இருக்கும், சாம்பாரில் போட்டால் காணாமல் போய்விடும். சின்னதில் பரங்கிக்காய்ப் பால்கூட்டு வைத்துக் கொடுங்கள், உங்கள் மாமியார் பாதி சமாதானம் ஆகிவிடுவார்.

அறுக்காத பூசணி குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும். அறுத்தது ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து உட்கார்ந்துவிடும். அதனால் இப்போது கத்தியே வேண்டாம். ஸ்டிக்கர், மாஸ்கிங் டேப், பிரஷ் கொடுத்து விட்டுவிடுங்கள். செதுக்குவதை 29, 30ஆம் தேதிக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன்னால் வெளியே வைத்தால் அணிலுக்குத்தான் ஹாலோவீன். செதுக்கும்போது மேலே மூடி வெட்டாமல் அடிப்பக்கத்தில் ஓட்டை போடுங்கள். எல்.இ.டி. விளக்கைத் தரையில் வைத்து அதன் மேல் பூசணியைக் கவிழ்த்துவிடலாம், மூடி உள்ளே விழுகிற தொல்லை இல்லை. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

உள்ளே சுரண்டுவது பெரியவள் வேலை, ஐஸ்கிரீம் ஸ்கூப் போதும். சின்னவன் அந்தக் கொழகொழப்பைத் தொட மாட்டான் என்றால் ஒரு கிண்ணம் தண்ணீரில் விதையைக் கழுவ விடுங்கள், அரை மணி நேரம் சத்தமே இருக்காது. கழுவிய விதையைத் துணியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் பிரட்டி ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். பெருங்காயம் என் சேர்க்கை, அதை விடாதீர்கள். சின்னவனுக்கு மட்டும் விதை வேண்டாம், தொண்டையில் மாட்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கட்டுகிற வீட்டின் முன்னால் பல்லும் மீசையுமாக முகம் வரைந்து பூசணிக்காயைக் கட்டித் தொங்க விடுவதில்லையா? ஆயுத பூஜையன்று குங்குமமும் காசும் போட்டு நடுத்தெருவில் உடைப்பதில்லையா? என் மாமியார் வந்திருந்தபோது இதைச் சொல்லி பிரஷை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஆரஞ்சுப் பூசணியில் அய்யனார் மீசையும் உருட்டுக் கண்ணும் வரைந்தார் பாருங்கள், தெருவில் ஒவ்வொருவரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவர் ஹாலோவீனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மண்டை ஓடு, ரத்தக் கை எல்லாம் உங்கள் வாசலில் வேண்டாம். பூசணி, சோளத்தட்டை, ஒரு தொட்டி சாமந்தி வைத்தாலே இங்கே அலங்காரம் ஆயிற்று. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31தான். அன்று எங்கள் படியில் அகல் விளக்கும் மீசைப் பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வெளியே போகாத நாட்களுக்கு இலை இருக்கிறது, காசே கிடையாது. பிள்ளைகள் பொறுக்கி வரட்டும், மாமியார் அதை வைத்து வாசலில் கோலம் போடட்டும். பெரியவளுக்கு ஒரு சோதனை செய்து காட்டலாம். பச்சை இலையைக் கிழித்து ஒரு தம்ளரில் போட்டு, மூழ்கும் அளவு ரப்பிங் ஆல்கஹால் (மருந்துக்கடையில் கிடைக்கிற, தோலைத் துடைக்கிற ஸ்பிரிட்) ஊற்றி, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் தம்ளரை நிற்க வையுங்கள் (அடுப்பில் வேண்டாம், தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும்). சாறு பச்சையானதும் காபி ஃபில்டரை நீளமாக வெட்டி நுனியை அதில் தொங்கவிட்டால், நிறம் மேலே ஏறும்போது பச்சை தனியாக, மஞ்சள் தனியாகப் பிரியும். அந்த மஞ்சள் கோடை முழுக்க இலையிலேயேதான் இருந்தது. குளிர் வரும்போது பச்சையம் சிதைவதால் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படி இல்லை, அதைப் பெரும்பாலும் மரம் இந்தப் பருவத்தில்தான் புதிதாகச் செய்கிறது. என் பெரியவன் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

சின்னவன் பயத்துக்கு: பகலில் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக்காரரிடம் அந்தப் பொம்மையின் சுவிட்சைக் காட்டச் சொல்லுங்கள். அவனே அணைத்துப் போடட்டும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். வீட்டில் யாரும் முகமூடி போட வேண்டாம், இந்த வயதில் அம்மா முகம் மறைந்தாலே அழுகைதான். வேஷத்தையும் முன்கூட்டியே வீட்டில் போட்டு விளையாட விடுங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், மிச்சிகனில் அன்று உள்ளே ஸ்வெட்டர் போட்டே ஆக வேண்டும். கடையில் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. நம் ஊர் மாறுவேடப் போட்டி ஞாபகம் இருக்கிறதல்லவா? என் மகன் கறுப்புக் கோட்டும் முண்டாசும் மீசையுமாகப் பாரதியாராகப் போனான். எல்லோரும் மந்திரவாதி என்று நினைத்து இரண்டு சாக்லேட் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீடு வீடாக அலைய வேண்டாம். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை சின்னவன் பாட்டி மடியில் வாசலில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் அந்த வயதுக்குக் குஷி. பெரியவள் அப்பாவோடு நாலு வீடு போய்விட்டு வரட்டும். ஒரு விஷயம்: முறுக்கு, அதிரசம் எல்லாம் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பலகாரத்தை இங்கே பெற்றோர் நேராகக் குப்பையில் போடுவார்கள். கவர் பிரிக்காத கடை மிட்டாய்தான் செல்லும்.

அலர்ஜி என்றீர்களே, ஒரு பூசணிக்கு நீலப்பச்சை பெயின்ட் அடித்து வையுங்கள். "இந்த வீட்டில் சாப்பிடாத பொருளும் கிடைக்கும்" என்று அதற்கு அர்த்தம். ஃபேர் என்ற உணவு அலர்ஜி அமைப்பு 2014இல் இதை நாடு முழுக்கப் பரப்பியது. ஸ்டிக்கர், பென்சில், இருட்டில் மின்னும் வளையல் கொடுக்கலாம். பெரியவள் கொண்டு வருவதை நீங்கள் பிரித்துப் பார்த்த பிறகுதான் சின்னவன் கண்ணில் காட்ட வேண்டும். பெரிய பாக்கெட்டில் கடலை இல்லாத மிட்டாய், அதே பெயரில் குட்டி சைஸில் வரும்போது சேர்மானம் மாறியிருக்கலாம், அதனால் ஒவ்வொன்றாகப் படியுங்கள். சைவத்துக்கு ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோ, கம்மி பேர், கேண்டி கார்ன், ஸ்டார்பர்ஸ்ட் எல்லாவற்றிலும் பொதுவாக அது இருக்கும். கெட்டி மிட்டாய் எதுவும் சின்னவனுக்கு வேண்டாம்.

நேரம் இருந்தால் ஒரு ஞாயிறு டெக்ஸ்டர் சைடர் மில் (ஆப்பிள் சாறு பிழிகிற ஆலை) போய் வாருங்கள், 1886இலிருந்து ஓடுகிறது. சூடான டோநட்டுக்கு மாமியாரும் தலையாட்டுவார்.

ஸ்கார்பரோ_அன்ரி:

எங்கட வீடு பதினாலாவது மாடி. எங்கட கட்டடத்தில் லாபியில் ஒரு தாள் ஒட்டுவினம், பிள்ளைகள் வரலாம் என்கிற ஆக்கள் வீட்டு இலக்கத்தை அதில் எழுதுவினம். குளிர் இல்லை, கார் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல வசதி. நீங்களும் அபார்ட்மென்ட் என்றால் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கோ. டொரன்டோவில் நவம்பர் 1 இரவு சில பூங்காக்களில் எல்லாருடைய பூசணியையும் வரிசையாக வைத்து விளக்கேற்றுவினம், சொராரன் பூங்காவில் நடக்கிறதுதான் பேர்போனது. பயமுறுத்துற பொம்மை ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். என்ர பேத்திக்கு ஹாலோவீனைவிட அதுதான் விருப்பம்.

முத்துநகர்:

நான் தூத்துக்குடிக்காரன், கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் 1 எங்களுக்குப் புனிதர் அனைவருக்குமான பெருவிழா, அதற்கு முந்தின மாலைதான் இந்த ஹாலோவீன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரில் அன்று கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து, பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவோம். மாமியாரிடம் மகாளய அமாவாசையை ஞாபகப்படுத்திச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

நோவி_அம்மா:

எல்லோருக்கும் நன்றி! மீசைப் பூசணி என்றதும் மாமியார், "நான் கரியிலேயே வரைவேனே" என்கிறார். மகாளய அமாவாசை என்றதும் ஒரு 'ம்' கொட்டினார், அவரிடம் அது பெரிய விஷயம். எதிர்வீட்டுக்காரர் சுவிட்சைக் காட்டினார், சின்னவன் இப்போது அதை அணைப்பதற்கென்றே தினமும் அங்கே போக வேண்டும் என்கிறான். ரெண்டு_வாலு அக்கா, மீசைக்கு எந்த பெயின்ட்? வீட்டில் பிள்ளைகள் கழுவுகிற வாஷபிள் பெயின்ட்தான் இருக்கிறது.

ரெண்டு_வாலு:

அது ஒரு மழைக்குத் தாங்காது, மீசை தாடியாகிவிடும். அக்ரிலிக் வாங்குங்கள், டாலர் கடையில் கிடைக்கும். முதலில் ஈரத்துணியால் பூசணியைத் துடைத்துக் காயவிட்டு வரையுங்கள். பெயின்ட் அடித்த பூசணியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள், பால்கூட்டுக்கு அந்தச் சின்னதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.