பழைய எஸ்டீம் பிரேக் பூஸ்டர்: பிரித்து வேலை பார்ப்பவர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 1998 மாடல் மாருதி எஸ்டீம் கார் நிற்கிறது. பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிட்டது; இன்ஜினின் வேக்குவத்தை வைத்து மிதியை லேசாக்கும் பூஸ்டர் வேலை செய்யவில்லை போலும். இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும் அல்லவா? அசையவே இல்லை. இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸ், காற்றைத் திரும்ப விடாத செக் வால்வு இரண்டும் மாற்றியாயிற்று. மிதிக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் 'உஸ்'ஸென்று காற்றுச் சத்தம், ஐடிலிங்கும் தடுமாறுகிறது.

பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் பெயிண்ட் கொப்பளித்து, நகம் பட்டாலே உதிர்கிறது. அந்த சிலிண்டரின் பின்பக்க சீல் வழியாக பிரேக் ஆயில் கசிந்து பூஸ்டருக்குள்ளே போய் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைக் கெடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. எப்படியும் அந்த சீலையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. பெடலுக்கு மேலே தலைகீழாகப் படுத்து நட்டு கழற்ற முதுகு ஒடியும், அவ்வளவுதான். அப்புறம்தான் சிக்கல். பூஸ்டர் டப்பாவின் இரண்டு தகடும் விளிம்பில் மடித்து அழுத்தியவை, போல்ட் கிடையாது. அதைத் திறந்து டயாஃப்ரம் மாற்றி, காற்றுப் புகாமல் மறுபடி மூடத் தெரிந்தவர் திருச்சி, மதுரைப் பக்கம் யாராவது உண்டா? சென்னை புதுப்பேட்டையில் பழைய பூஸ்டர் வாங்கிப் போடச் சொல்கிறார் மெக்கானிக் அண்ணன். அந்த ரப்பருக்கும் இதே வயதுதானே!

செய்து பார்த்தவர்கள் மாற்று ரப்பர் கிட் எங்கே வாங்கினீர்கள், கூலி எவ்வளவு ஆனது, பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடின் இடைவெளியை எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். ராடு நீண்டுவிட்டால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், அதுதான் பயம். அதுவரை வண்டியை வெளியே எடுப்பதாக இல்லை.