புதுப்பிப்பு: அம்மாவோடு லே பயணம், திட்டம் முடிவாகிவிட்டது

கோத்தகிரியிலிருந்து அம்மாவை ஒரு வாரம் லடாக்கில் இருக்கும் லேவுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தேன். மலையிலேயே வளர்ந்தவருக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று சிலர் சொன்னீர்கள், அதை நம்பாதீர்கள் என்று சிலர். டாக்டர் இரண்டாவது கட்சி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், லே 3,500. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். உடம்பு பழக அவகாசமே இல்லை.

அதனால் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, நிறையத் தண்ணீர். அப்புறம் லே அரண்மனை, திக்சே புத்த மடம். சாந்தி ஸ்தூபத்துக்குப் படி ஏற வேண்டாம், வண்டி மேலேயே போகிறது.

பாங்காங் ஏரியை விட்டுவிட்டோம். ஏரியே 4,200 மீட்டருக்கு மேல், போகிற வழியில் சாங் லா கணவாய் அதைவிட உயரம். அதற்குப் பதில் ஆல்ச்சி. லேவைவிடத் தாழ்வான ஊர், மூச்சுக்கு நல்லது. பழைய மடத்தின் சுவர் ஓவியங்களைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. போகும் வழியில் நிம்மு அருகே சிந்து ஆறும் சன்ஸ்கார் ஆறும் இரண்டு நிறமாகக் கலப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். என்னைக் கேட்டால், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கம்தான் சரி.

அம்மா இப்போதே நீலகிரித் தைலத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டார். வறண்ட காற்றுக்கு உதட்டில் தடவ வாசலினும் வாங்கியாயிற்று. நம்மூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது என்பதால் போஸ்ட்பெய்டுக்கு மாறுகிறோம்.

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.