தூதரகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் பிரிக்பீல்ட்ஸ்வாசி. கோலாலம்பூரில் ஒரு மனிதாபிமான அமைப்பில் ராஜதந்திர ஆலோசகர் வேலைக்கு வரும் வியாழன் எழுத்துத் தேர்வு. (காரில் கொடி பறக்குமா என்று அத்தை கேட்கிறார். பறக்காது அத்தை, எல்ஆர்டி ரயில்தான்.)

தூதர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்களாம். பத்து வருடம் போராட்ட அறிக்கை எழுதிய கை இது. மாதிரிக் குறிப்பின் முதல் வரியிலேயே ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ வந்துவிட்டது. நண்பர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். போரிடும் இரு தரப்போடும் பேசிப் போர்ப் பகுதிக்குள் போக வேண்டியவர்கள் பகிரங்கமாகத் திட்டினால், மறுநாள் மருந்து லாரி சோதனைச் சாவடியிலேயே நிற்கும் என்றார். சரி, கண்டிக்காமல் அழுத்தம் கொடுப்பது எப்படி?

மலேசியா, போர்க்கால விதிகளான 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் 1962இலேயே சேர்ந்துவிட்டது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை. இதை எந்தத் தொனியில் எடுத்துச் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறேன்.

விஸ்மா புத்ராவிலோ (வெளியுறவு அமைச்சு) தூதரகத்திலோ இருந்தவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கி என் குறிப்பைப் படித்துப் பார்ப்பீர்களா? செவ்வாய்க்குள் என்றால் நல்லது. தே தாரிக் என் செலவு.