மெயில் வரும்வரை: பிஎச்.டி., எம்.டெக். முடிவுக்குக் காத்திருந்த அனுபவங்கள்

ஊசிநூல்:

பிஎச்.டி.க்கு விண்ணப்பித்துவிட்டு இந்தப் பிப்ரவரியில் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நானும் அப்படித்தான் இருக்கிறேன், அதுவும் இரண்டாவது முறையாக. முதல் முறை நடந்ததை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள். தனியாக இருப்பதாக நினைத்து ராத்திரி விழித்திருப்பவர்களுக்கு உதவும்.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் 7 பல்கலைக்கழகங்களுக்குப் போட்டேன். மூலக்கூறு உயிரியல். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் மட்டுமே 75 டாலர், 100 டாலர், அதற்கு மேலும்கூட. அம்மா திண்டுக்கல்லில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அவருடைய சங்கிலி அடகுக்குப் போய்த்தான் அந்தப் பணம் வந்தது. மெயிலைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சங்கிலிதான் ஞாபகத்துக்கு வரும்.

ஜனவரியில் இரண்டு இடங்களில் நேர்காணல். அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. தெருவில் நாய் குரைக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு பேசினேன், நன்றாகவே பேசினேன். கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அவர்கள் அலுவலகம் மூடும் மாலை 5 மணி நமக்கு விடிகாலை மூன்றரை. அலாரம் வைக்காமலே அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். போர்வைக்குள் போனை வைத்துப் பார்ப்பேன். 'அண்டர் ரிவ்யூ' (பரிசீலனையில்) என்றே இருக்கும். பிறகு எங்கே தூங்குவது?

பிப்ரவரி 7-ம் தேதி இன்னொரு இடி. ஆராய்ச்சி மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையை (கட்டடம், மின்சாரம், அலுவலகம் போன்றவற்றுக்கானது) 15 சதவீதத்துக்குமேல் தர மாட்டோம் என்று, மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச். அறிவித்தது. பல பெரிய பல்கலைக்கழகங்கள் அதுவரை 50 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவை. நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆனாலும் அந்த வருடம் உயிரியல் துறைகள் பல பயந்துபோய் இடங்களைக் குறைத்தன. கையில் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நடந்தது. நம் மதிப்பெண்ணுக்கும் கட்டுரைக்கும் சம்பந்தமே இல்லாத காரணம். அது புரிந்த பிறகும் மனசு என்னையேதான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு ராத்திரி அம்மா எழுந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. "முழிச்சுத்தான் இருக்கப்போறன்னா இந்த ஊக்கையாச்சும் வையி" என்று நாலு ரவிக்கையை மடியில் போட்டார். போனை வாங்கி மெஷின் டிராயருக்குள் பாபின்களோடு போட்டு மூடினார்.

ஊக்கு வைத்தவர்களுக்குத் தெரியும், அதை அரைகுறை கவனத்தில் செய்ய முடியாது. இரண்டு வளையத்திலும் மூன்று மூன்று சுற்று, கழுத்தில் இரண்டு சுற்று, அப்புறம் உள்பக்கம் முடிச்சு. மேல்துணியில் நூல் தெரியவே கூடாது. முதல் ராத்திரி டிராயருக்குள் போன் அதிர்ந்து பாபினெல்லாம் கிலுகிலுத்தது. ஊசி விரலில் ஏறிவிட்டது. வெள்ளை ரவிக்கையில் ஒரு சொட்டு ரத்தம். பயந்துபோனேன். "உன் எச்சியத் தொட்டுத் தேய், உன் ரத்தம் உன் எச்சிக்குத்தான் போகும்" என்றார் அம்மா. தேய்த்தேன், போய்விட்டது. போனில் வந்திருந்தது ஏதோ ரீசார்ஜ் மெசேஜ்.

அன்றைக்குப் பேசி முடிவெடுத்தோம்: காலை 7 மணிக்கு டீ குடித்த பிறகுதான் டிராயரைத் திறக்க வேண்டும். முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரத்தில் அந்த மூன்றரை மணி விழிப்பு நின்றுவிட்டது.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். 6 இடத்தில் இல்லை, ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். இது புதியவர்களுக்காக: உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் மூன்று இடம் கிடைத்தவரும் கடைசி வாரம்வரை மூன்றையும் பிடித்துக்கொண்டிருப்பார். பட்டியலில் நிற்பவருக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் ஏதாவது அசையும். போகப்போவதில்லை என்று தெரிந்த இடத்தைத் தயவுசெய்து மார்ச்சிலேயே விட்டுவிடுங்கள். அதற்காக யாரோ ஒருத்தி எங்கோ ஊக்கு வைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு அசையவில்லை. ஏப்ரல் 16 காலை 7 மணிக்கு டிராயரைத் திறந்தேன், மெயில் இருந்தது, இடம் இல்லை. நன்றாக அழுதேன். இப்போது சென்னையில் ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் வேலை. சங்கிலியை மீட்டுவிட்டேன். போன டிசம்பரில் 5 இடத்துக்குப் போட்டிருக்கிறேன், இதுவரை ஒன்றில் இல்லை என்று வந்திருக்கிறது. ஹாஸ்டலில் மெஷின் டிராயர் இல்லை. ராத்திரி அறைத்தோழி அவளுடைய அலமாரியில் என் போனை வைத்துப் பூட்டுகிறாள்.

நெல்லைச்சீமை:

அக்கா, நான் வெளிநாட்டுக்கெல்லாம் போடவில்லை. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனவன். எங்களுக்கு இருப்பது கோஆப் (COAP) என்ற இணையதளம். எந்த ஐஐடி இடம் கொடுத்தாலும் அதில்தான் காட்டும். சுற்றுச் சுற்றாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று பொத்தான்: ஏற்று முடித்துக்கொள், வைத்துக்கொண்டு காத்திரு, வேண்டாமென்று காத்திரு. நாங்கள் 'ஃப்ரீஸ்', 'ரீட்டெயின்', 'ரிஜெக்ட்' என்போம். முடிவு சொல்ல இருப்பது கொஞ்ச நேரம்தான்.

மெக்கானிக்கல். முதல் சுற்றில் ஒரு புதிய ஐஐடி கிடைத்தது. எனக்கு ஆசை சென்னை. ரீட்டெயின் போட்டேன். மேலே இருப்பவர்கள் வேலைக்கோ வேறு இடத்துக்கோ போகப் போக கட்-ஆஃப் இறங்கும், அந்த நம்பிக்கையில் இருப்பது. இரண்டாம் சுற்றுக்குள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா கண்டக்டர், திருநெல்வேலி–பாபநாசம் ரூட். ஒவ்வொரு நடை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன்: "என்னல ஆச்சு?" ஒருநாள் கத்திவிட்டேன், "வந்தா நானே சொல்லுதேன், போன் பண்ணாதீய" என்று. அதோடு நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் சுற்றிலும் சென்னை வரவில்லை. கையில் இருந்ததையே ஃப்ரீஸ் செய்தேன். அன்று சாயங்காலம் சில்லறை எடுக்க அப்பாவின் தோல்பையைத் திறந்தேன். பத்து ரூபாய்க் கட்டுக்கு நடுவில் நாலாக மடித்த தாள். எல்லாச் சுற்றின் தேதியும் வரிசையாக எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்தில், "ரீட்டெயின் என்றால் விடவில்லை, வைத்திருக்கிறான்". கூட வேலை பார்க்கிறவர் மகனிடம் கேட்டு எழுதியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காத்திருந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையில் படித்து முடித்தேன். முதல் மாதப் பணத்தில் அவருக்குப் புதுப் பை வாங்கினேன். பழையதைத்தான் கொண்டுபோகிறார்.

பழைய வாத்தியார்:

பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவன் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு. பட்டியலில் வைத்திருக்கிறோம் என்று வந்தால், இன்னும் விருப்பமாக இருக்கிறேன் என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே ஒரு மெயில் எழுதலாம். அதில் தவறில்லை. புதிதாக ஏதாவது செய்திருந்தால் இரண்டு வரியில் சேருங்கள். வாராவாரம் எழுத வேண்டாம்.

இன்னொன்று. இடம் கிடைக்காத பிள்ளைகள் எங்களைப் பார்க்க வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கடிதம் எழுதி அனுப்பிய நாளிலிருந்து நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். இல்லை என்று வந்தாலும் வந்து சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கு இன்னும் நன்றாக எழுதித் தர என்னால் முடியும்.

ஊசிநூல்:

ஐயா, நானும் என் பேராசிரியரைப் போன ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கவில்லை. இந்தச் சனிக்கிழமை போகிறேன்.

தம்பி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு. நீ எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முகூர்த்த மாசம், பதினாலு ரவிக்கை ஊக்கு வைக்காம நிக்குது, ஞாயித்துக்கிழமை வா" என்றார். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.