விரால் தோல்: உரிக்கிறதோ, விடுறதோ?

கரைவலை:
வீட்டில ஒருத்தருக்குக் குளத்து மீன் எண்டால் உயிர், மற்ற எல்லாரும் மூக்கைப் பொத்தினம் எண்டால் வழி ஒண்டுதான். விரால் தோலை உரிச்சு எறியுங்கோ. நாத்தம் முழுக்கத் தோலிலதான். வேறொண்டும் தேவையில்லை.

குளக்கட்டு:
"வேறொண்டும் தேவையில்லை"யாம்! உப்புத் தண்ணியைத் தவிர வேற தண்ணி காணாத ஆக்கள் வன்னியில வவுனிக்குளத்து மீனுக்குப் பாடம் எடுக்கினம். தோல்தான் துண்டைப் பிடிச்சு வைச்சிருக்கு. உரிச்ச விரால் கொதிக்கிற குழம்பில கரண்டி பட்டவுடன உதிரும். பிறகு முள்ளுப் பொறுக்கிறதுதான் வேலை. மணம் கொழுப்பிலயும் கிடக்கு: வயித்துப் பக்கம், பக்கவாட்டில ஓடுற கருஞ்சதை. பாசியும் சேத்துக் கிருமியும் விடுற, மண் மணம் தாற ஜியோஸ்மின் எண்ட சாமான் செவுளால உள்ள போறது. அதை எப்பிடி உரிக்கப் போறியள்?

சாம்பல்சட்டி:
அடுப்புச் சாம்பல் ஒரு கைபிடி போட்டு வழுவழுப்புப் போக உரைஞ்சினால் காணும். வெடுக்கு, அதுதான் மீன் நாத்தம், நிக்காது.

பாலியாறு:
ஒரு கேள்வி. வெடுக்கைச் சொல்லுறியளோ, சேத்து மணத்தைச் சொல்லுறியளோ? ரெண்டும் ரெண்டு சாமான்.

கரைவலை:
நாத்தம் நாத்தம்தான் தம்பி. தோலை உரிச்சால் ரெண்டும் போகும்.

குளக்கட்டு:
போகாது. கரைவலைக்காக இல்லை, வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக எழுதுறன். உயிர் விராலாப் பார்த்து வாங்கி, நல்ல கிணத்துத் தண்ணியில ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ. தீனி வேண்டாம், காலையும் பின்னேரமும் தண்ணி மாத்துங்கோ. மண் மணம் அங்கயே குறையத் தொடங்கும். வாளியை விளிம்புமட்டும் நிரப்பி இறுக்கி மூடாதேங்கோ. விரால் மேல வந்து காத்துக் குடிக்கிற மீன், மூச்சடைச்சுச் செத்துப்போம். அரைவாளி தண்ணி, மேல வலைத்துண்டு, அதுக்கு மேல கல். இல்லையெண்டால் பாய்ஞ்சு முத்தத்தில கிடக்கும்.

பிறகு சாம்பல் போட்டு உரைஞ்சு, செதிள் சுரண்டி, செவுளையும் வயித்துக் கொழுப்பையும் முள்ளோட ஒட்டின ரத்தத்தையும் எடுங்கோ. ரெண்டு விரல் தடிப்பில வெட்டுங்கோ, தோலோட. ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், தேசிக்காயளவு பழப்புளி கரைச்ச தண்ணி. 20 நிமிசம் ஊறவிட்டுக் கழுவினால் சரி. புளி ஜியோஸ்மினை முறிக்கும்.

சாம்பல்சட்டி:
பாத்தியளோ, கடைசியில சாம்பலுக்கு வந்திட்டார்.

குளக்கட்டு:
அக்கா, சாம்பலை ஒட்டக் கழுவாமல் புளி விட்டால் என்ன நடக்கும்? சாம்பல் புளிப்புக்கு எதிரான காரம், அது புளியை முறிச்சுப்போடும். உங்கட ஆக்கள் பிழை விடுறது அதிலதான்.

சாம்பல்சட்டி:
"உங்கட ஆக்கள்" எண்டு ஆரைச் சொல்லுறியள்? முந்தி இஞ்ச கருவாட்டைப் பற்றிக் கதைச்ச நேரமும் இதே சொல்லுத்தான் வந்தது. மறக்கேல்லை.

முத்தையன்கட்டான்:
எங்கட குளத்து மீன் மணக்கவே மணக்காது. இரணைமடுக் குளத்திலயோ கட்டுக்கரைக் குளத்திலயோ வாங்கினால்தான் இந்தக் கதையெல்லாம்.

குளக்கட்டு:
ஆவணி, புரட்டாசியில தண்ணி வத்தி, வெய்யிலுக்குப் பாசி பிடிச்சால் எல்லாக் குளமும் ஒண்டுதான். மாரியில குளம் நிரம்பிப் புதுத்தண்ணி வந்தாப்போல வாங்குங்கோ. முத்தையன்கட்டுத் தண்ணி ஒண்டும் வானத்தில தொங்கேல்லை.

கரைவலை:
இவ்வளவு பெருமை பேசுற குளத்தில பாதி மீன் திலாப்பியா. 1952இல வெளிநாட்டில இருந்து கொண்டுவந்து விட்டது. வன்னிச் சாப்பாடாம்!

குளக்கட்டு:
இஞ்ச ஆர் திலாப்பியாவைக் கதைச்சது? தலைப்பு விரால். விரால் 1952இலயோ வந்தது? தோலில தோத்தவுடன கப்பலேறிப் போறியள்.

கரைவலை:
தோக்கேல்லை. புளியிலதான் மணம் போகுது எண்டால், தோல் உரிச்ச துண்டில புளி இன்னும் உள்ள இறங்கும். நீங்கள் சொன்ன கணக்குத்தான்.

பாலியாறு:
வெடுக்கோ சேத்து மணமோ எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.

குளக்கட்டு:
அதைப் பிறகு பாப்பம். கரைவலை, உரிச்ச துண்டைக் குழம்பில போட்டு, தேங்காய்த் தலைப்பால் விட்டு ஒரு கொதி வந்தாப்பிறகு படம் எடுத்துப் போடுங்கோ. துண்டு எது, பிரட்டல் எது எண்டு எண்ணிச் சொல்லுறன்.

கரைவலை:
பொரிக்கிறதுக்குத்தான் உரிக்கச் சொன்னது. ஆர் குழம்பு எண்டது?

குளக்கட்டு:
மேல ஏறி உங்கட முதல் பதிவை வாசியுங்கோ. பொரியல் எண்ட சொல்லு எந்த வரியில கிடக்கு?