லேசர் அடிக்கும் முன்பே மருந்து கசிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். லேசர் பட்டால் சூடாகும் தங்க நானோ தண்டுகளுக்கு மேல் நுண்துளை சிலிக்கா பூசி, துளைகளில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்தை ஏற்றி, 808 நானோமீட்டர் லேசர் அடித்தால் சூடும் மருந்தும் ஒன்றாகப் புற்றுசெல்லைத் தாக்க வேண்டும், இதுதான் என் ஆய்வு. சூட்டில் குறையே இல்லை, புற்றுசெல்லைப் பாதிக்கத் தேவையான 43 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டுகிறது. ஆனால் லேசரே இல்லாமல், இரத்தத்தின் அளவுக்குச் சமமான 7.4 பிஎச் பஃபர் கரைசலில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகள்களை அடியில் படியவைத்தால், மேலே நிற்கும் தெளிநீர் கசிந்த மருந்தால் செக்கச்செவேல் என்று இருக்கிறது. இந்த மருந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது, வழியிலேயே கசிந்தால் என்ன பயன்? துளைகளை அடைக்க பாலிடோபமின் என்ற ஒட்டும் பாலிமரைப் பூசலாமா, இல்லை சூட்டில் சுருங்கும் பாலிமர் சரிவருமா? அப்புறம், லேசர் சக்தியைக் கூட்டினால் 800 நானோமீட்டர் பக்கம் இருந்த உறிஞ்சல் உச்சம் (தண்டுகள் ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம்) 520-ஐ நோக்கி நகர்கிறது, தண்டுகள் உருண்டையாகின்றன என்று நினைக்கிறேன். கையால் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், மூன்று மாதமாக இதிலேயே நிற்கிறேன்.