ஸ்கேட்போர்டு பயிற்சியாளர் சான்றிதழ் எங்கே வாங்குவது?

கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன். இனி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக்க ஆசை. ஜூன் மாதத்திலிருந்து பள்ளிகளில் கேட்டுவருகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு வந்துவிட்டது என்று சொல்லியும், பயிற்சியாளர் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்கிறார்கள்.

ரோலர் ஸ்கேட்டிங் சொல்லித்தரும் அண்ணன் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சான்றிதழ் ஷூ ஸ்கேட்டிங்குக்கு மட்டும்தான். பெங்களூரில் ஓட்டும் நண்பர்கள் யாரிடமும் இல்லை.

இப்போதைக்கு ஒரு கிரானைட் பட்டறையின் சிமெண்ட் தளத்தில் ஞாயிறு காலை வகுப்பு. கல்தூள் இருந்தால் சக்கரம் வழுக்கும், பெருக்கிவிட்டுத்தான் ஏறுவோம். போன வாரம் ஒரு சின்னப்பெண் முதல்முறையாக ஆலி (பலகையோடு மேலே துள்ளும் வித்தை) அடித்தாள். நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பின! இதை விட மனமில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏற்கும் ஸ்கேட்போர்டு பயிற்சியாளர் சான்றிதழை நீங்கள் எங்கே வாங்கினீர்கள்?